சாம்பல் நிறத்தில் ஒரு டிக்

பின்லாந்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் நான் இப்போது குடையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். திண்டுக்கல் பக்கம் அகரத்தில் அண்ணன் கட்டிய வீட்டின் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றால் போனில் ஒரு கோடு சிக்னல் வரும். உட்கார்ந்தால் போய்விடும். இங்கே உச்சி வெயில் ஏறும் நேரத்தில்தான் அங்கே ஆபீஸ் திறக்கிறார்கள். ஆகவே தினமும் அந்த நேரத்தில், ஒரு கையில் குடையும் மறு கையில் போனுமாக நான் நின்றுகொண்டிருப்பேன். பக்கத்துத் தோட்டத்தில் மல்லி பறிக்கும் செல்வி அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. "ஏம்மா, இம்புட்டு வெயில்ல குடைய விரிச்சு யாருக்குக் காத்துக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார். சிக்னலுக்கு என்றேன். "அது வாரதுக்கு நல்ல நேரம் பாக்குதாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். மூன்று வருடமாக வெளிநாட்டில் கைநிறையச் சம்பாதிக்கிறேன் என்று எங்கள் குடும்பத்தில் பெருமை பேசுவார்கள். அந்தச் சம்பாத்தியம் இப்படித்தான் நடக்கிறது.

வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்க் குளிரில் அடுக்குமாடி வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் வழியாகச் சூடு அனுப்புகிறார்கள். அதைக் கவனிக்கும் மென்பொருளைச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் இருக்கிறேன். எங்கள் வேலை முழுக்க டிராக்கர் என்று ஒன்றுக்குள் நடக்கும். எங்கே என்ன கோளாறு என்றாலும் அதில் ஒரு டிக்கெட் போடுவார்கள். யார் பார்க்கிறார், எதுவரை வந்தது, முடிந்ததா இல்லையா, எல்லாம் அந்த டிக்கெட்டின் கீழே எழுதியாக வேண்டும். லீவு கேட்பதற்கும் டிக்கெட்தான். அதில் எழுதாதது நடக்கவே இல்லை என்பது அங்கே எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். நெட் இல்லாதபோதும் போனில் எழுதி வைக்கலாம். எழுதியதன் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு டிக் விழும். நெட் வந்து அந்த எழுத்து பின்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அது பச்சையாக மாறும். திண்டுக்கல் வெயிலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். இதை அந்தச் செயலியைச் செய்த புண்ணியவான்கள் யோசித்திருக்க வழியில்லை.

நெட் ஏன் இல்லை என்று கேட்டால் ஒரு நாளைக்கு ஒரு காரணம். கரண்ட் போனால் டவரும் கூடவே படுத்துவிடும். அண்ணன் எனக்காக வீட்டுக்குக் கேபிள் நெட் இழுத்துக் கொடுத்தார். அது மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிக்கொண்டு வரும். வைக்கோல் லோடு டிராக்டர் ஒன்று போனால் போதும், அறுந்துவிடும். அறுந்தால் தாடிக்கொம்பில் கேபிள் கடை வைத்திருக்கும் முருகேசனைக் கூப்பிட வேண்டும். "செத்த நேரத்துல வாரேன் அக்கா" என்பார். அந்தச் செத்த நேரம் சில சமயம் மறுநாள் சாயங்காலம் வரை நீளும். அவர்மேல் கோபப்பட்டும் பயனில்லை. அவர் வருகிறேன் என்று சொன்னது என் மனம் நோகக்கூடாது என்பதற்காக. எனக்கும் அது தெரியும். நானும் சரி என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

பின்லாந்தில் இப்படி ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு இன்னொன்றை நினைத்துக்கொள்ள முடியாது. போன முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் ஆபீஸ் முடிந்து பஸ்ஸுக்கு நின்றேன். முழங்கால் அளவு பனி. என் மேலதிகாரி மார்க்கு காரை நிறுத்தி, வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டார். நான் மரியாதைக்கு, "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். இன்னும் இரண்டு தடவையாவது கேட்டால்தானே நம் ஊரில் கேட்டதாகக் கணக்கு. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். காரின் சிவப்பு விளக்கு மறையும் வரை, திரும்பி வருவார் என்று நின்றேன். அன்றைக்குக் காது இரண்டும் மரத்துப்போய் வீட்டுக்கு வந்து, இனிமேல் இவர்களிடம் உள்ளதை உள்ளபடி ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு இத்தனை நாள் எனக்கு நன்றாகவே உழைத்தது. கடைசியில் அதுவே என்னைக் கவிழ்த்தும் விட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள் ஆபீஸில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவர் கூப்பிட மாட்டார். எடுத்ததும், "சாப்ட்டியா நூரு?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "பக்கத்துல யாரும் இருக்காங்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். "அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல. ஒண்ணும் பயப்படாத. உடனே கெளம்பி வா." அவ்வளவுதான். பின்னால் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. நம் ஆட்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு எந்த வீட்டிலும் மௌத்துச் செய்தியைப் போனில் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், பக்கத்தில் யார் என்று கேட்பார்கள், முடியவில்லை, கிளம்பி வா என்பார்கள். பெரியத்தா மௌத்தானபோதும் மாமா போனபோதும் எனக்கு இதே வரிசையில்தான் போன் வந்தது. நாமும் கேள்வி கேட்காமல் கிளம்பி, வாசலில் போட்டிருக்கும் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வோம். ஆகவே எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மார்க்கு வந்து என்ன என்று கேட்டார். உள்ளதை உள்ளபடி ஒரே தடவையில் சொன்னேன். "என் தந்தை இறந்துவிட்டார்." அவரே எனக்கு லீவு டிக்கெட்டைத் திறந்து கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் நானே அதை என் கையால் எழுதினேன்.

விமானத்தில் வழியெல்லாம் இறந்தவருக்கு ஓத வேண்டியதை ஓதிக்கொண்டே வந்தேன். மதுரையில் இறங்கி, காரில் திண்டுக்கல் தாண்டி அகரம் வந்தால் வாசலில் பந்தல் இல்லை. உள் அறையில் அத்தா கட்டிலில் படுத்திருந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. ஆனால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கோணிய வாயால் "நூரு" என்றார். அந்த நோய்க்குப் பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே சொல் அதுதான் என்று அம்மா சொன்னார். சந்தோஷப்பட வேண்டியவள், பயந்து இரண்டு அடி பின்னால் போனேன். அதை அத்தா பார்த்தார். பிறகு அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "முடியலன்னுதானே சொன்னேன் நூரு, மௌத்துன்னா சொன்னேன்? முடியாம கெடக்குற மனுசன முடியலன்னு சொல்லாம வேற எப்படிச் சொல்லுவாக?" என்றார்.

மறுநாள் முதல் வேலையாக மாடிக்குப் போய் அந்த லீவு டிக்கெட்டில் எழுதினேன். எனக்கு வந்த செய்தியை நான் தவறாக எடுத்துக்கொண்டேன், தந்தை உயிரோடு இருக்கிறார், நோய் கடுமையாக இருக்கிறது, மன்னிக்கவும் என்று. ஓரத்தில் டிக் விழுந்தது. பச்சை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்துச் செயலி உறைந்துபோய் நின்றது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். போகாமல் காத்துக்கிடந்ததெல்லாம் அதோடு அழிந்தது. அப்படி ஒன்று காத்துக்கிடந்ததே எனக்குத் தெரியாது. அந்த டிக்கெட்டைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அதன் கீழே ஆபீஸில் உள்ள எல்லோரும் இரங்கல் எழுதியிருந்தார்கள். முதல் வரியில் ஒரு மெழுகுவர்த்திப் படம். கீழ் அறையில் அத்தாவுக்கு மதினி கஞ்சி புகட்டிக்கொண்டிருக்கும்போது மேலே நின்று அவருக்கான இரங்கலைப் படிக்க எனக்குக் கூசியது. பிறகு தனியாக இன்னொரு டிக்கெட் போட்டு, குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, சில வாரம் இங்கிருந்தே வேலை செய்யலாமா என்று கேட்டேன். அது போய்ச் சேர்ந்தது. தாராளமாக என்று பதிலும் வந்தது.

இப்படியாக நான் அத்தாவின் நோயைப் பற்றியும் அவர்கள் அத்தாவின் மரணத்தைப் பற்றியும் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தோம். மார்க்கு ஒரு தடவை, "உன் அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். "அத்தாவை விட்டு நகர்வதே இல்லை. எந்நேரமும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்" என்றேன். "எங்கள் ஊரிலும் சிலர் அப்படித்தான்" என்று தொடங்கினார், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. எவ்வளவு கனிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இதற்கிடையே ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்து வீடுகளுக்குச் சூடு வரவில்லை என்று டிக்கெட் வந்தது. ஒரு குடும்பம் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு இருக்கிறதாம். இங்கே எனக்கு உச்சந்தலை வெந்துகொண்டிருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்து எழுதிவிட்டேன். அது மாடியிலேயே சாம்பலாகக் கிடந்தது. என்னோடு வேலை செய்யும் சிர்ப்பா அதே காரணத்தைத் தேடி இரண்டு நாள் அலைந்து, கடைசியில் தானே கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் என் எழுத்து போய் அதன் கீழே விழுந்தது. அவர் சொன்னதை நான் திரும்பச் சொன்னதுபோல இருந்தது. என்ன விளக்கம் எழுதினாலும் அது அடுத்த நாள்தான் போகும் என்பதால் விளக்கமும் எழுதவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் முருகேசன் வந்து கேபிளை நன்றாக ஒட்டிக்கொடுத்தார். நெட் அப்படிப் பறந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாரக்கூட்டத்துக்கு மாடி ஏறாமல், கீழே அத்தாவின் அறை ஜன்னலோரம் உட்கார்ந்து முகம் தெரியப் பேசினேன். பாதியில் அத்தா "நூரு" என்று கத்தினார். தண்ணீர் வேண்டுமென்றால் அப்படித்தான் கத்துவார். யார் அது என்று மார்க்கு கேட்டார். "என் அத்தா. கூப்பிடுகிறார். ஒரு நிமிடம்" என்று எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். திரையில் ஒருவரும் அசையவில்லை. படம் உறைந்துவிட்டது, கேபிள் மறுபடி போய்விட்டது என்று நினைத்து, "கேட்கிறதா, கேட்கிறதா" என்றேன். அப்போது சிர்ப்பா கண்ணை இமைத்தார்.

அன்றைக்குத்தான் அந்த லீவு டிக்கெட்டைத் திறந்தேன். இரங்கல்களுக்குக் கீழே என் திருத்தம் இல்லை. இரண்டு நாள் கழித்து மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினார். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன், ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். "உங்கள் தந்தை இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். "அப்படி உங்களுக்குச் சொன்னது யார்?" யாரும் சொல்லவில்லை என்றேன். "பிறகு எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" நான் யோசித்துப் பார்த்தேன். உண்மையைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. "சாப்பிட்டாயா என்று அண்ணன் கேட்டார்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் வழக்கத்தை விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் மிச்சத்தை மாடியில் நின்று எழுதி அனுப்பினேன். எழுத எழுத எனக்கே அது கட்டுக்கதையாகப் பட்டது.

யாரும் என்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. ஆனால் நெட் இல்லை என்று நான் எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் எடுத்து, ஏன் இல்லை, எவ்வளவு நேரம் இல்லை என்று கேட்டிருந்தார்கள். வைக்கோல் லோடு என்று எப்படி எழுதுவது? சாப்பிட்டாயா என்பதற்குப் பக்கத்தில் அதுவும் போய்ச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் மார்க்குவிடமிருந்து ஒரு சின்னக் குறிப்பு வந்தது. மார்ச் கடைசித் திங்கட்கிழமை காலையில் நான் ஆபீஸில் நேரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலை ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்படும். என் வேலை போனால் அங்கே தங்கும் அனுமதியும் போகும். என் கணவர் ரஃபீக் அங்கே ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறார். அவருடைய அனுமதியும் என் அனுமதியில்தான் தொங்குகிறது. "வா நூரு. வந்துட்டு வேணும்னா மறுபடி போவோம்" என்று குரல் செய்தி அனுப்பினார். அண்ணனும் அதையே சொன்னார். "நீ போ. நாங்க பாத்துக்கிறோம். அத்தாவுக்கு இப்பத் தேவல." தேவலை என்கிறார். இதை எப்படி எடுத்துக்கொள்ள? எங்கள் வீட்டில் யார் என்ன சொன்னாலும் அதற்குப் பின்னால் இருப்பதைத் தேடும் பழக்கம் எனக்குப் போகாது. சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஊரிலும் என்னை இனி நம்பப் போவதில்லை. சனிக்கிழமைக்கு விமான டிக்கெட் போட்டேன். போகிறேன் என்று அத்தாவிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் அறைக்குள் போய், தலையணையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அத்தா மௌத்தாகிவிட்டார். அம்மா வந்து என்னை எழுப்பினார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "அத்தா போயிட்டாக நூரு" என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மௌத்துச் செய்தி எனக்கு நேராகச் சொல்லப்பட்டது. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். அத்தாவோடு தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை கிடைத்தது பாக்கியம் என்றார்கள். கடைசி நாளில் பக்கத்திலிருந்து பார்த்தாயே, அது போதும் என்று என் தலையைத் தடவினார்கள். ஜும்ஆத் தொழுகை முடிந்து அடக்கம் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பெண்ணாகக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தபோது, அங்கே ஆபீஸ் திறக்கும் நேரம் என்று என் மூளையில் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த மூலையை நான் வெறுத்தேன். வெறுத்துக்கொண்டே மாடிக்குப் போனேன்.

குடையை எடுக்கவில்லை. அந்த இடத்தில் நின்று புது லீவு டிக்கெட் ஒன்றைத் திறந்தேன். ஒரு வாரம் கேட்டேன். காரணம் என்ற கட்டத்தில், என் தந்தை இன்று காலை இறந்துவிட்டார் என்று எழுதினேன். இந்தத் தடவை உண்மையாகவே என்று சேர்க்கலாமா என்று நினைத்து, சேர்க்காமல் அனுப்பினேன். டிக் சாம்பலாக நின்றது. முந்தானையால் நிழல் பிடித்து உற்றுப் பார்த்தேன். கீழே கலிமா சொல்லும் சத்தம் எழுந்தது. அத்தாவைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கி வாசலைத் தாண்டினார்கள். தெரு முனை வரை தோளில், அதன் பிறகு வேனில் பேகம்பூர் கபர்ஸ்தானுக்கு. பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். மாடியில் நின்றதால் நான் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க முடிந்தது. செல்வி அக்கா பூக்கூடையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

போன் அதிர்ந்தது. டிக் பச்சையாகியிருந்தது. அதன் கீழேயே பதிலும் இருந்தது. மனிதர் யாரும் எழுதிய பதில் இல்லை, டிராக்கர் தானே செய்வது. ஒரே கோளாறை இரண்டு தடவை யாராவது பதிந்துவிட்டால் இரண்டாவதை மூடிவிட்டு முதலாவதைக் காட்டும். என் டிக்கெட் மூடப்பட்டிருந்தது. ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று எழுதி, பிப்ரவரி டிக்கெட்டை இணைத்திருந்தது. முடிந்துபோன டிக்கெட்டைத் திருத்த முடியாது என்பதால் அதில் அன்றைக்கு நான் எழுதிய காரணம் அப்படியே இருந்தது. மார்க்குவுக்குத் தனியாக எழுதினால் ஒருவேளை திறந்துவிடுவார். என்னவென்று எழுதுவது? சந்தூக்கு தெரு முனைக்குப் போய்விட்டது. நான் அந்தப் பழைய டிக்கெட்டைத் திறந்து, இத்தனை நாள் படிக்காமல் வைத்திருந்த இரங்கல்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மெழுகுவர்த்தி. சிர்ப்பா எழுதிய நான்கு வரி. உன் தந்தை நிம்மதியாக உறங்கட்டும் என்று மார்க்கு. எல்லாமே பொருத்தமாக இருந்தன. அழுதேன். முனையில் வேன் கதவை அறையும் சத்தம் கேட்டது. அந்த நாட்டில் என் அத்தா பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார், அங்கே எல்லோரும் அழுது முடித்துவிட்டார்கள். இந்த ஊரில் அவரை இப்போதுதான் வேனில் ஏற்றுகிறார்கள்.